நீச்சல் குளத்துக்கு ஒரு ரப்பர் செருப்பு: வாங்குவதிலிருந்து காயப்போடுவது வரை

நாற்பது வயதைத் தாண்டி நீச்சல் கற்கப் போனபோது கோச் ஒரு பட்டியல் சொன்னார். நீச்சல் உடை, தொப்பி, கண்ணாடி, துண்டு. செருப்பு அதில் இல்லை. நானும் ஆபீசுக்குப் போடும் தோல் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போய் வந்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது மாதம் இடது குதிகாலில் சுருக் சுருக்கென்று குத்தியது. சின்னக் கல் ஏதோ ஏறியிருக்கிறது என்று ஊசியால் நோண்டிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. எதிர் வீட்டு மாமி பார்த்துவிட்டு "கால் ஆணிப்பா இது, மெடிக்கல்ல பிளாஸ்டர் குடுப்பான், ஒட்டு" என்றார். ஒட்டினேன். ஒரு மாதம் ஒட்டிய பிறகு பக்கத்திலேயே இன்னொன்று முளைத்தது. கடைசியில் தோல் மருத்துவரிடம் போனேன். அவர் பிளேடால் மேல்தோலை மெல்லச் சீவி, உள்ளே கடுகைவிடச் சின்னதாக நாலைந்து கறுப்புப் புள்ளிகள் இருப்பதைக் காட்டினார். பிறகு இரண்டு விரலால் பக்கவாட்டில் ஒரு கிள்ளு. உயிர் போய்விட்டது.

"ஆணின்னா நேரா அமுக்கினாத்தான் வலிக்கும். இது மரு. இந்தப் புள்ளியெல்லாம் உறைஞ்சுபோன ரத்தக்குழாய்" என்றார். அடுத்த கேள்வி: "நீச்சலுக்குப் போறீங்களா? குளத்துல செருப்பு போடுற பழக்கம் உண்டா?"

அங்கேதான் வந்தது என்று அவரும் அடித்துச் சொல்லவில்லை. மருவை உண்டாக்குவது ஒரு வைரஸ். அது தோலுக்குள் நுழைந்து, வெளியே தெரிய வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். எங்கே ஒட்டியது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அன்று மாலையே ஒரு ரப்பர் செருப்பு வாங்கினேன். அதற்குப் பிறகு செய்த தவறுகளையும் சேர்த்து, கற்றதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஆபத்து தண்ணீரில் இல்லை, தரையில் இருக்கிறது

புதிதாக வருகிறவர்களுக்குப் பயமெல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். எத்தனை பேர் இறங்குகிறார்கள், யாருக்கு என்ன நோயோ என்று. ஒழுங்காகப் பராமரிக்கும் குளத்துத் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் இருக்கும். பி.எச்., அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவை 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் வைத்திருப்பார்கள், அப்போதுதான் குளோரின் ஒழுங்காக வேலை செய்யும். பெரும்பாலான கிருமிகளை அந்தத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்.

குளத்தின் ஓரம், ஷவர், உடை மாற்றும் அறை, கழிவறைக்குப் போகும் வழி, இங்கெல்லாம் அந்தக் குளோரின் கிடையாது. நாள் முழுக்க ஈரம், வெதுவெதுப்பு, நூறு பேரின் பாதத்திலிருந்து உதிர்ந்த தோல் துணுக்கு. சேற்றுப்புண்ணை உண்டாக்கும் பூஞ்சை இந்தத் துணுக்குகளில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதில் அடிக்கடி தட்டுப்படுவது டிரைக்கோபைட்டான் ரூப்ரம் என்ற வகை. பாதத்து மருவுக்குக் காரணம் எச்.பி.வி., அதாவது ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் குடும்பத்து வைரஸ்கள். இவற்றுக்குக் கொழுப்பு உறை கிடையாது. அதனால் சோப்புக்கும் சாதாரணக் கிருமிநாசினிக்கும் சுலபத்தில் மடங்காமல், ஈரத் தரையில் நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

இதோடு நம் பாதமும் அந்த நேரத்தில் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. முக்கால் மணி நேரம் தண்ணீரில் இருந்தால் உள்ளங்கால் ஊறி வெளுத்து, சுருங்கிப் போகும். அப்படி ஊறிய தோல் லேசாக உரசினாலே உரியும். கற்றுக்கொள்பவர்களுக்கு இன்னொரு சங்கதி உண்டு. ஆழம் குறைந்த பக்கத்தில் குதித்துக் குதித்து நின்று, சுவரை உதைத்து உதைத்துக் கிளம்புவதில் கட்டைவிரலின் அடிப்பாகம் சொரசொரப்பான டைல்ஸில் தேய்ந்து ரோஜா நிறத்தில் வழண்டிருக்கும். வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போடும்போது எரிந்தால்தான் தெரியும். அந்தக் காலோடுதான் ஷவர் வரைக்கும் வெறுங்காலில் நடக்கிறோம்.

பூஞ்சையும் மருவும் மெதுவாக வருபவை. உடனே சுடுவது வெயில். ஏப்ரல், மே மாதத்தில் மதிய வகுப்புக்குப் போய்ப் பாருங்கள். பல இடங்களில் குளத்தைச் சுற்றிக் கடப்பா கல் போட்டிருக்கிறார்கள். கறுப்புக் கல், வெயிலை அப்படியே குடித்துக்கொள்ளும். அதில் பத்தடி வெறுங்காலில் போவதற்குள் ஆள் தானாக ஓட ஆரம்பிப்பார். ஈரத் தரையில் ஓடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் படி: என்ன பொருளில் செய்தது என்று பாருங்கள்

தண்ணீர் குடிக்காத செருப்பு வேண்டும், அவ்வளவுதான். தோல், துணி, கார்க் அடி, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது எல்லாம் ஆகாது. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை.

நுரைத்த ரப்பரில் செய்த சாதாரண ஹவாய் செருப்பு. ஜப்பானியர்களின் வைக்கோல் செருப்பான ஸோரியின் வடிவத்தை ரப்பரில் வார்த்ததுதான் இது. பிரேசிலில் இதே ஜாடையில் 1962-இல் வந்த பிராண்டுக்கு ஹவாயானாஸ், அதாவது ஹவாய்ப் பெண்கள் என்றே பெயர். நம் ஊரில் பாட்டாவின் ஹவாய் தெரியாத வீடே கிடையாது. என் ஓட்டு இதற்குத்தான். ரப்பர் ஈரத் தரையைப் பிடிக்கும், இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும், தொலைந்தாலும் நெஞ்சு அடைக்காது.

அடுத்தது ஈ.வி.ஏ., அதாவது எத்திலீன் வினைல் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கை நுரைபோல ஊதிச் செய்வது. கிராக்ஸ் மாதிரி செருப்புகள், இப்போது எல்லோரும் போடும் மெத்தென்ற ஸ்லைடுகள் இந்த ரகம். உள்ளே இருக்கும் காற்றறைகள் ஒன்றோடொன்று சேராமல் மூடியே இருப்பதால் தண்ணீர் உள்ளே போகாது. இறகு போல இருக்கும். இரண்டு குறைகள்: அடி வழவழப்பாக இருந்தால் ஈர டைல்ஸில் சறுக்கும், சூட்டில் சுருங்கும். மே மாத மதியத்தில் பூட்டிய காருக்குள் விட்டுப் போன என் ஒன்பதாம் நம்பர் ஸ்லைடு, எடுக்கும்போது என் மகனுக்குச் சரியாக இருந்தது.

மூன்றாவது பி.வி.சி. பளபளப்பாக, கனமாக, விலை மலிவாக இருக்கும். பாதத்தில் உரசிக் கொப்புளம் போடும். மழைக்கால ரோட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடையாளம் தெரியாவிட்டால் ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். நுரை ரப்பரும் ஈ.வி.ஏ.வும் மிதக்கும், கெட்டியான பி.வி.சி. முழுகும். சந்தேகம் தீராவிட்டால் சமையலறைத் தராசில் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஊறவைத்து, உதறித் துடைத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். எடை கூடியிருந்தால் எங்கோ தண்ணீர் குடிக்கிறது. குடித்த இடத்தில் நாற்றமும் வரும், பூஞ்சையும் வரும்.

இரண்டாம் படி: வடிவம்

குளத்துக்கு இரண்டு வடிவங்கள் போதும். விரலிடுக்கில் வார் போகும் ஹவாய், அல்லது மேலே ஒரே பட்டையாக இருக்கும் ஸ்லைடு. அடிடாஸ் 1972-இல் கொண்டுவந்த அடிலெட்தான் இந்தப் பட்டைச் செருப்புகளில் பெயர்பெற்றது. அதையும் கால்பந்து வீரர்கள் விளையாடி முடித்துக் குளிக்கும் அறையில் போட்டுக்கொள்ளத்தான் வடிவமைத்தார்கள். கையால் தொடாமல் கால் நுழைய வேண்டும், கால் வெளியே வரவும் வேண்டும். கொக்கி, வெல்க்ரோ, முடிச்சு எல்லாம் ஈரக் கையோடு படுத்தும். வெல்க்ரோவில் முடியும் நூலும் சிக்கி நாலே மாதத்தில் ஒட்டாமல் போகும்.

விரலிடுக்கில் ஏற்கெனவே சேற்றுப்புண் இருப்பவர்கள் ஸ்லைடு வாங்குங்கள். வார் அதே புண்ணில் போய் உரசும். சின்னப் பிள்ளைகளுக்குக் குதிகாலில் பட்டை வைத்தது நல்லது. ஹவாய் அவர்கள் காலில் நிற்பதே இல்லை, அரைப் படி முன்னால் ஓடிவிடும்.

அளவில் கஞ்சத்தனம் வேண்டாம், தாராளமும் வேண்டாம். நின்று பார்த்தால் குதிகாலுக்குப் பின்னால் அரை சென்டிமீட்டர் செருப்பு தெரிய வேண்டும். பெரிதாக வாங்கினால் முன்முனை மடங்கித் தடுக்கும். சாயங்காலம் போய் வாங்குங்கள், பாதம் அப்போதுதான் முழு அளவில் இருக்கும்.

மூன்றாம் படி: சறுக்குமா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்

இங்கே ஒரு பொதுவான நம்பிக்கையை உடைக்க வேண்டும். செருப்புப் போட்டால் சறுக்காது என்பது அரைகுறை உண்மை. நல்ல குளங்களில் போடும் டைல்ஸ் வெறுங்காலுக்காகவே தேர்ந்தெடுக்கப்படுவது. ஜெர்மனியில் இதற்கென டி.ஐ.என். 51097 என்று ஒரு தரநிர்ணயம் வைத்திருக்கிறார்கள். சாய்மேடையில் டைல்ஸ் பதித்து, சோப்புத் தண்ணீர் ஓடவிட்டு, வெறுங்காலோடு ஆளை நடக்கவிட்டு, எத்தனை டிகிரி சாய்வில் சறுக்குகிறார் என்று அளப்பார்கள். 12 டிகிரி தாங்கினால் ஏ, 18 தாங்கினால் பி, 24 தாங்கினால் சி. உடை மாற்றும் அறைக்கு ஏ, ஷவருக்கும் குளத்தோரத்துக்கும் பி, தண்ணீருக்குள் இறங்கும் படிக்கு சி. சோதித்தது பாதத்தை வைத்து. உங்கள் தேய்ந்த ஸ்லிப்பரை வைத்து அல்ல.

அதனால் தேய்ந்த செருப்பைவிட வெறுங்காலே மேல் என்ற நிலைமை நிஜமாகவே வரும். அடியில் கோடு கோடாக, தண்ணீர் பக்கவாட்டில் ஓட வழி இருக்கிற மாதிரி வெட்டு இருக்கிறதா பாருங்கள். வாங்கி வந்ததும் குளியலறைத் தரையில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மட்டும் மெதுவாக முன்னுக்குத் தள்ளுங்கள். தள்ளும்போது தயங்கித் தயங்கிப் போனால் சரி. வெண்ணெயில் போவது போலப் போனால் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள். தனியாக இருக்கும்போது இந்தச் சோதனை வேண்டாம், வயதானவர்கள் செய்யவே வேண்டாம்.

நான்காம் படி: அடையாளம் வையுங்கள்

கோயில் வாசலில் செருப்பைத் தொலைத்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. குளத்து பெஞ்சின் கீழே நீலப் பட்டை வைத்த ஹவாய் பதினைந்து ஜோடி கிடக்கும். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குளோரின் கண்ணோடு வருபவர் எதை மாட்டுவார் என்பது அவருக்கே தெரியாது. மருவும் பூஞ்சையும் பரவக்கூடாது என்று வாங்கிய செருப்பை இன்னொருவர் ஈரக்காலில் போட்டுக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து வைத்தால் வாங்கியதற்கே அர்த்தமில்லை. மனைவியின் நகப்பூச்சை எடுத்துக் குதிகால் படும் இடத்தில் இரண்டு பொட்டு வைத்தேன். சிவப்பு. ஆறு மாதம் அழியவில்லை. அதைப் பார்த்து இப்போது எங்கள் பேட்ச்சில் நாலு பேர் வைத்திருக்கிறார்கள், ஆளுக்கொரு நிறம்.

ஐந்தாம் படி: குளத்துக்குள் அதன் வழித்தடம்

பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான், நானும் விட்டேன். ரப்பர் செருப்பு வாங்கிவிட்டோம் என்று வீட்டிலேயே போட்டுக்கொண்டு, பைக் ஓட்டி, டீக்கடையில் நின்று, அதோடேயே குளத்தோரம் வரைக்கும் போனேன். ரோட்டுச் சகதியும், வழியில் நாய் செய்ததும் தரையில் இறங்கின. அதையெல்லாம் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் எங்கே போகும்? கொஞ்சம் குளத்துக்குள்ளேதான். காவலாளி சத்தம் போட்டார், போட்டது நியாயம்.

குளத்துச் செருப்பு பையில் வரவேண்டும், காலில் வரக்கூடாது. உடை மாற்றும் அறை வாசலில் வெளிச் செருப்பைக் கழற்றி, அங்கேயே இதை மாட்டுங்கள். அங்கிருந்து ஷவர், கழிவறை, குளத்தோரம், மறுபடி ஷவர், திரும்ப அதே வாசல். இந்த வட்டத்தைத் தாண்டி அது வெளியே வராது. கழிவறைக்குப் போய் வந்தால் ஷவர் தண்ணீரில் செருப்போடு ஒரு நிமிடம் நில்லுங்கள். நுழைவில் கால் கழுவும் தொட்டி இருந்தால் செருப்போடு இறங்காமல், கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பாதத்தை நனைத்துக் கடந்து, அப்புறம் போடுங்கள்.

சில குளங்களில் ஓரத்துக்கு எந்தச் செருப்பும் கூடாது என்று எழுதியிருக்கும். அங்கே சண்டை போடாதீர்கள். ஷவருக்கும் உடை மாற்றும் அறைக்கும் போட்டாலே முக்கால்வாசி வேலை முடிந்தது.

தண்ணீரில் இறங்கும் இடத்திலேயே கழற்றிவிட்டுக் குதிக்கும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. லைஃப்கார்டு ஓடிவர வேண்டிய பாதை அது. விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, பெஞ்சின் அடியிலோ சுவரோரமோ விடுங்கள். போட்டிகளைப் பார்த்தால் இது புரியும். ஒலிம்பிக்கில் நீந்துபவர்கூடச் செருப்போடுதான் வருவார், குதிக்கும் மேடைக்குப் பின்னால் வைத்திருக்கும் கூடையில் உடையோடு செருப்பையும் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஏறுவார். காத்திருக்கும் நேரத்தில் பாதம் சில்லிட்டுப் போகாமல் இருப்பதற்கும் அது உதவுகிறது. 1995 தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டிய வேளச்சேரி குளத்தில் சின்னப் பிள்ளைகள் போட்டி நடக்கும்போது போய்ப் பாருங்கள். தேர்ந்த பிள்ளைகளின் செருப்புகள் வரிசையாகச் சுவரோரம் நிற்கும்.

ஆறாம் படி: முடிந்த பிறகு

செருப்பைவிட முக்கியம் விரலிடுக்கு. சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவேதான் சேற்றுப்புண் முதலில் வெள்ளையாகப் பொறுக்குத் தட்டும். ஏனென்றால் இருப்பதிலேயே நெருக்கமான இடுக்கு அதுதான், காற்றே போகாது. துண்டின் முனையை ஒவ்வொரு இடுக்கிலும் நுழைத்து இழுத்துத் துடையுங்கள். எட்டு இடுக்கு, இருபது வினாடி. துடைக்காமல் சாக்ஸும் ஷூவும் மாட்டிக்கொண்டு ஆபீசுக்கு ஓடுபவர் எந்தச் செருப்பு போட்டும் பயனில்லை.

அரிப்பு வந்துவிட்டால் ஒரு எச்சரிக்கை. மெடிக்கலில் "அரிக்குது" என்று கேட்டால், பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால், பீட்டாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த க்ரீமை எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், பூஞ்சை மட்டும் பரவிக்கொண்டே போகும். நம் நாட்டில் படர்தாமரை இவ்வளவு பிடிவாதமாகிப் போனதற்கு இந்தக் கலவைகளும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். மருத்துவரிடமே காட்டுங்கள்.

செருப்பைக் குளத்திலேயே குழாயடியில் அலசி, உதறி, ஓட்டையுள்ள பையில் போடுங்கள். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி மறுநாள் திறந்தால் வரும் வாடையே அதில் என்ன வளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடும். காய்கறி வாங்கும் வலைப்பை இதற்கு அருமை. வீட்டுக்கு வந்ததும் சுவரில் சாய்த்து, அடிப்பக்கம் வெளியே தெரிய, காற்றோட்டத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை சோப்பும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். வார் நுழையும் துளையைச் சுற்றித்தான் வழவழவென்று படிந்திருக்கும், அங்கே அழுத்தித் தேயுங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் தனியாகப் படிக்க வேண்டியது

பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு மேலே சொன்ன ஹவாய் ஆகாது. கடப்பா கல் சுடுவதும் தெரியாது, வார் உரசிப் புண்ணாவதும் தெரியாது, செருப்பு கழன்று பின்னால் கிடப்பதுகூடத் தெரியாது. தொழுநோயால் உணர்வு இழந்த பாதங்களுக்காக வேலூர், கரிகிரி மருத்துவமனைகளில் புழக்கத்துக்கு வந்த எம்.சி.ஆர்., அதாவது மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பரில் செய்த செருப்புதான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் எழுதிக் கொடுக்கப்படுகிறது. ஆனால் தோல் வாரும் துணி ஓரமும் வைத்துத் தைத்த எம்.சி.ஆர். தண்ணீருக்கு ஒத்துவராது. செயற்கை வார், பின்பட்டையோடு நனையத் தக்கதாகச் செய்து தருவார்களா என்று கேளுங்கள். குளத்திலிருந்து வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பதோ வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்வதோ தினசரி வேலையாக இருக்கட்டும். காலில் புண் இருக்கும் நாளில் குளமே வேண்டாம்.

கடலும் ஆறும் வேறு கதை

கடற்கரையில் செருப்பு மணலுக்குத்தான். சுடுமணல், உடைந்த பாட்டில், சிப்பி, வலையிலிருந்து அறுந்த தூண்டில் முள். அலை ஏறும் கோட்டுக்கு மேலே கழற்றி வையுங்கள். ஹவாயோடு அலையில் நின்றால் இழுக்கும் தண்ணீர் முதலில் செருப்பைத்தான் கொண்டுபோகும், அதைப் பிடிக்கக் குனிபவரைப் பிறகு.

தாமிரபரணி படித்துறை, குற்றாலத்துப் பாறை மாதிரி பாசி பிடித்த இடத்தில் குளத்துச் செருப்பை நம்பவே கூடாது. வெறுங்கால் விரலை மடக்கிப் பாறையைப் பற்றும், ஹவாயால் முடியாது. குதிகால் பட்டையோடு காலைக் கவ்விப் பிடிக்கும், அடியில் ஆழமான வெட்டுள்ள செருப்பு இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது தூக்கிப் போடுவது

அடியைத் திருப்பி விரலால் தடவுங்கள். குதிகாலிலும் கட்டைவிரல் பகுதியிலும் கோடுகள் மறைந்து வழவழப்பாகிவிட்டால் குளத்துக்கு அதன் காலம் முடிந்தது, வீட்டு மொட்டைமாடிக்கு ஆகும். வார் மட்டும் அறுந்தால் நம் கை தானாக ஊக்கைத் தேடும். துளைக்கு அடியில் ஊக்கைக் குத்தி இன்னும் ஆறு மாதம் ஓட்டிய தலைமுறை நாம். குளத்துச் செருப்புக்கு மட்டும் அதைச் செய்யாதீர்கள். அந்த ஊக்கு என்றைக்காவது கழன்று விழும், விழுகிற தரையில் எல்லோரும் வெறுங்காலோடு நடக்கிறார்கள். ஹவாய்க்கு வார் தனியாகவே விற்கிறார்கள். நுனியில் கொஞ்சம் சோப்புத் தடவி இழுத்தால் துளைக்குள் சுலபமாக இறங்கிவிடும்.